விளக்கு வைக்கும் நேரம்

'உத்தியோகம் புருஷ லட்சணம்' என்று யாரோ ஒரு மகானுபாவர் சொல்லி வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று முதல் நம் நாட்டு ஆண்பிள்ளைகள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பிற்பாடு பெண்களும் உத்தியோகத்துக்குப் போனார்கள். லட்சணத்தில் அவர்களுக்குப் பங்கு கிடைத்ததோ இல்லையோ, பட்ட பாட்டில் பாதிக்கு மேலேயே பங்கு கிடைத்தது.

என் இளமையில் ஒரு வீட்டுக்கு உத்தியோக உத்தரவு வந்தால், அதன் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிச் சுவாமி படத்தடியில் வைப்பார்கள். தெருவில் பத்து வீட்டுக்குச் சர்க்கரை போகும். 'ராஜிநாமா' என்ற வார்த்தையை வீட்டுக்குள் உரக்கச் சொல்லக்கூட மாட்டார்கள். அது மந்திரிகள் செய்கிற காரியம். குமாஸ்தாக்கள் செய்கிற காரியம் அல்ல.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. எனக்குத் தெரிந்த குடும்பங்களிலேயே நாலைந்து பேர் சமீப வருஷங்களில் நல்ல உத்தியோகங்களை விட்டிருக்கிறார்கள். மேலதிகாரியோடு சண்டையில்லை; வேறிடத்தில் அதிகச் சம்பளமும் இல்லை. சம்பளம் குறைந்தாலும் பாதகமில்லை, வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடிய வேலையாக இருக்க வேண்டும், வேலை போக வாழ்வதற்கும் கொஞ்சம் நேரம் இருக்க வேண்டும் என்பதுதான் காரணம். பெரியவர்கள் இதற்குத் திமிர் என்று பெயர் வைக்கிறார்கள். சிறியவர்கள் விடுதலை என்று பெயர் வைக்கிறார்கள். இரண்டு தரப்பாரும் அவசரப்பட்டுப் பெயர் வைத்துவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

இது எப்படி ஆரம்பித்தது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். 2020 மார்ச் 25-ஆம் தேதி தேசம் முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டது. அதுவரை, 'அலுவலகத்துக்கு வராமல் வேலை நடக்காது' என்று அடித்துச் சொன்ன முதலாளிகள், ஒரே வாரத்தில் வேலையை மூட்டை கட்டி வீட்டுக்கு வீடு அனுப்பிவிட்டார்கள். நடக்காது என்றது நடந்தது. நடந்ததைக் கண்ணால் பார்த்துவிட்ட பிறகு, அதை மறக்கச் சொன்னால் மனுஷன் மறப்பானா?

அமெரிக்காவில் 2021-ஆம் வருஷத்தில் மட்டும் 4.7 கோடி ராஜிநாமாக்களுக்கு மேல் அரசாங்கக் கணக்கில் ஏறின. ஒரே ஆள் இரண்டு வேலையை விட்டிருந்தால் இரண்டு என்று எண்ணுகிற கணக்கு அது. ஆனாலும் தொகை சின்னதல்ல. அந்தோனி க்ளாட்ஸ் என்ற பேராசிரியர் அதற்கு 'மாபெரும் ராஜிநாமா' என்று பெயர் வைத்தார். அங்கே வேலையை விட்டவர்களில் ஓட்டல் பணியாளரும் கடைச் சிப்பந்தியும் ஏராளம். வேறு நல்ல கூலி கிடைத்ததால் போனவர்கள் அவர்கள். நம் பக்கத்துக் கதை கொஞ்சம் வேறு. இங்கே கம்பெனிகள் தொற்று அடங்கியதும் 'திரும்பி வா' என்று கூப்பிட்டன. அப்போதுதான் பலர் பேனாவை எடுத்தார்கள்.

இந்த வீட்டு வேலை விஷயத்தில் அபிப்பிராயம் சொல்ல எனக்கு ஒரு யோக்கியதை உண்டு. கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். பல வருஷங்களாக என் காரியாலயம் என்பது கூடத்து மூலையில் கிடக்கும் ஒரு மேஜைதான். வீட்டிலிருந்து வேலை செய்கிறவனை உலகம் எப்படி நடத்தும் என்பதை நான் அனுபவித்து அறிந்தவன். 'நீங்கள் வீட்டிலேதானே இருக்கிறீர்கள்?' என்பது எங்கள் தெருவில் என்னைப் பற்றி வழங்கும் மகா வாக்கியம். அடுத்த வீட்டுக்கு வரும் காஸ் சிலிண்டரை வாங்கி வைப்பது, எதிர் வீட்டுச் சாவியைப் பத்திரப்படுத்துவது, மாடி வீட்டுக் குழந்தை பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கதவைத் திறப்பது எல்லாம் என் உத்தியோகத்தின் பகுதிகள். கதாநாயகி கிணற்றில் விழப்போகிற கட்டத்தில் கூரியர்க்காரன் மணி அடிப்பான். அவனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதற்குள், அந்தப் பெண் மனத்தை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டிருப்பாள்.

ஆகையால் வீடு என்பது வேலைக்குச் சொர்க்கம் என்று நான் சொல்ல மாட்டேன். நரகம் என்றும் சொல்ல மாட்டேன். அது புதிதல்ல என்றுதான் முதலில் சொல்வேன்.

நம் ஜனங்கள் வீட்டிலிருந்து வேலை செய்யக் கொரோனா வந்து கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை. காஞ்சிபுரத்து நெசவாளியின் வீட்டில், நடைக்கு அடுத்தாற்போல் தறிக்குழிதான் இருக்கும். விடிந்தும் விடியாத வேளையில் தெருவில் பாவு நீட்டுவார்கள். கணவன் தறியில் உட்கார்ந்தால் மனைவி இழை சுற்றுவாள். கூலி அவன் பேரில் வரும், அவள் உழைப்பு கணக்கில் வராது. மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஊறினால் வேலை நிற்கும். வேலை நின்றால் அடுப்பும் நிற்கும். வீட்டிலேயே தொழில் என்பதில் இத்தனை கஷ்டமும் இருந்தது. ஆனால் மின்சாரம் வருகிற வரையில் அவர்களுக்கு ஓர் எல்லையும் இருந்தது. விளக்கு வைத்த பிறகு இழை கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. கை தானாக ஓயும். முதலாளி கொடுக்காத ஓய்வைச் சூரியன் கொடுத்துக்கொண்டிருந்தான்.

பிறகு ஆலைகள் வந்தன. ஆலைக்குள் சூரியனுக்கு அதிகாரமில்லை, சங்குக்குத்தான் அதிகாரம். அந்தச் சங்கோடு மல்லுக்கட்டித்தான் உழைப்பாளிகள் தங்கள் பொழுதை மீட்டார்கள். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, வாடியாவின் முன்னாலும் திரு. வி. க.வின் முன்னாலும் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் வைத்த குறைகளில் ஒன்று, மத்தியானச் சாப்பாட்டுக்கு விடுகிற நேரம் போதவில்லை என்பது. சோறு கேட்கவில்லை, சோற்றை மென்று தின்ன நேரம் கேட்டார்கள். 1923-ல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். அந்தத் தினத்துக்கே மூலம் எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கைதான். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி என்று வரையறை போட்டது. வேலைக்கும் வாழ்க்கைக்கும் நடுவே அப்படி ஒரு சுவர் எழும்பிற்று. அதைக் கட்ட எத்தனையோ பேர் வேலையிழந்திருக்கிறார்கள். சிலர் உயிரும் இழந்திருக்கிறார்கள்.

அந்தச் சுவரை இடித்தது யார் தெரியுமா? ஒரு கொடுங்கோலன் அல்ல. நம் சட்டைப் பையில் நாமே காசு கொடுத்து வாங்கிப் போட்டுக்கொண்ட செல்போன்தான்.

வேலையைத் தேடி மனிதன் போவதற்குப் பதிலாக மனிதனைத் தேடி வேலை வந்தால் என்ன என்று 1973-லேயே ஜாக் நில்லெஸ் என்ற அமெரிக்கர் யோசித்து, அதற்கு 'டெலிகம்யூட்டிங்' என்று பெயரும் வைத்தார். வாகன நெரிசலுக்குப் பரிகாரமாக அவர் சொன்ன யோசனை அது. அருமையான யோசனைதான். ஆனால் மனிதனைத் தேடி வரும் வேலை, எத்தனை மணிக்கு விடைபெற்றுக்கொண்டு புறப்படும் என்பதுதான் முக்கியமான கேள்வி.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. என் தங்கை மகளிடம் கற்றேன்.

அவள் தாம்பரத்தில் குடியிருந்தாள், சிறுசேரியில் உத்தியோகம். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. ஒரு நாள் காகிதத்தை எடுத்து என் எதிரிலேயே கணக்குப் போட்டாள். நாளுக்கு 3 மணி, வருஷத்துக்கு 240 நாள், ஆக 720 மணி. அதை இருபத்து நாலால் வகுத்தால் முப்பது. 'மாமா, வருஷத்திலே ஒரு மாசம் ராப்பகலா நான் பஸ்ஸிலேயே இருக்கேன்' என்றாள். தொற்றுக் காலத்தில் அந்த ஒரு மாதம் அவளுக்குத் திரும்பக் கிடைத்தது. 2023-ல் கம்பெனி மறுபடியும் அதைக் கேட்டது. அவள் கொடுக்க மறுத்தாள். தாயாருக்குக் கண்ணில் சத்திர சிகிச்சை வேறு ஆக வேண்டியிருந்தது. பழைய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து, வீட்டிலிருந்தே செய்யும்படியான வேறொரு வேலையைத் தேடிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டாள்.

எங்கள் ஊர் தென்காசிக்குப் பக்கம். ஜூன், ஜூலை மாதங்களில் குற்றாலத்துச் சாரல் எங்கள் ஓட்டுக் கூரை வரையில் எட்டிப் பார்க்கும். கம்ப்யூட்டர் வேலைக்கு அந்தப் பக்கம் முற்றிலும் புதிதுமல்ல. மத்தளம்பாறையில் 2011 முதலே ஸோஹோ நிறுவனத்தார் அலுவலகம் நடத்துகிறார்கள். ஆட்களைப் பட்டணத்துக்கு வரவழைக்காமல் அலுவலகத்தைக் கிராமத்துக்குக் கொண்டு வந்தது ஒரு நல்ல வழி. என் மருமகளின் கம்பெனிக்கோ அங்கே கட்டடமும் இல்லை, நாற்காலியும் இல்லை. தாத்தாவின் பத்தாயம் இருந்த அறையில் அவள் மேஜை போட்டுக்கொண்டாள்.

சென்ற வருஷம் பொதிகை எக்ஸ்பிரஸில் போய் நான் ஒரு வாரம் அங்கே தங்கினேன். அவள் முகத்தில் ரத்தம் ஊறியிருந்தது. காலையில் தாயாருக்குக் கண்ணில் மருந்து விடுகிறாள். மத்தியானம் சுடச்சுடச் சாப்பிடுகிறாள். பரவாயில்லையே, திமிர் என்று சொன்னவர்கள் இதை வந்து பார்க்கட்டும் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

எதிர் வீட்டுத் திண்ணையில் ஓர் ஆச்சி பீடி சுற்றிக்கொண்டிருப்பாள். எங்கள் பக்கத்தில் அது எத்தனையோ பெண்களுக்குச் சோறு போடும் தொழில். மடியில் சொளகு, பட்டணத்தார் முறம் என்பார்கள். அதில் ஒரு பக்கம் கத்தரித்த இலை, ஒரு பக்கம் தூள், ஒரு பக்கம் நூல். கண் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் இருக்கும். விரல் மட்டும் நிற்காது. ஆயிரத்துக்கு இவ்வளவு கூலி என்று கணக்கு. அவர்களையும் தொழிலாளர்கள் என்று 1966-ல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் ஒப்புக்கொண்டது. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களைப் பற்றி நம் சட்டம் அத்தனை நாளைக்கு முன்பே யோசித்திருக்கிறது. ஆனால் அவர்களை நினைத்து யாரும் அதற்கு 'விடுதலை' என்று பெயர் வைத்ததில்லை.

ஒரு நாள் இரவு ஏழரை மணிக்கு என் மருமகள் கம்ப்யூட்டரை மூடிவிட்டு வந்தாள். தங்கை இலை போட்டாள். முதல் கவளம் எடுக்கும்போது போன் மணி அடித்தது. அமெரிக்காவில் அப்போதுதான் பொழுது விடிந்து யாரோ காப்பி குடித்துவிட்டு வேலைக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனாள். அரைமணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. ரசம் ஆறி, அப்பளம் நமுத்துப் போயிற்று. அவள் மடியில் கணினியை வைத்துக்கொண்டு, காற்றுக்காகத் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். எதிர்த் திண்ணையில் ஆச்சி தெருவிளக்கு வெளிச்சத்தில் மறுநாள் கணக்கை முடித்துக்கொண்டிருந்தாள். தெரு முழுவதும் அடங்கிவிட்டது. இரண்டு மடிகளில் மட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது.

மணி ஒன்பதரை இருக்கும். ஆச்சி சொளகிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்:

"ஏட்டி, நாங்க ஆயிரம் கணக்குக்கு ஓடுதோம். நீ என்ன கணக்குக்கு ஓடுதே?"

என் மருமகள் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பினாள். "மெட்ராஸிலே தினம் பஸ்ஸைத் திட்டுவேன், மாமா. ஆனா பஸ் ஏறியாச்சுன்னா அன்னைக்கு ஆபீஸ் முடிஞ்சுதுன்னு ஒரு அடையாளமாவது இருந்தது. இங்கே எதை வச்சு முடிஞ்சுதுன்னு சொல்றது?" என்றாள்.

இந்தக் கேள்விக்குச் சீனாவில் நடந்த ஓர் ஆராய்ச்சியில் பாதிப் பதில் இருக்கிறது. அங்கே சிட்ரிப் என்ற பிரயாணக் கம்பெனியில், 2010-ன் கடைசியிலிருந்து ஒன்பது மாத காலம், டெலிபோனில் பதில் சொல்லும் சிப்பந்திகளில் விரும்பியவர்களுக்குச் சீட்டுப் போட்டு ஒரு பகுதியினரை வாரத்தில் நாலு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டுப் பார்த்தார்கள். நிக்கோலஸ் ப்ளூம் முதலிய பொருளாதார நிபுணர்கள் அதைக் கவனித்துக் கணக்கெடுத்தார்கள். வேலை 13 சதவீதம் கூடிற்று. விட்டுப் போகிறவர்கள் தொகை பாதியாகக் குறைந்தது. முதலாளிக்குக் கொண்டாட்டம். ஆனால் பரீட்சை முடிந்து, 'இனி உங்கள் இஷ்டம்' என்று சொன்னபோது, வீட்டிலிருந்தவர்களில் பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பி வந்துவிட்டார்கள்! வீட்டில் தனிமை தாங்கவில்லை என்பது அவர்கள் சொன்ன பெரிய காரணம். பிற்பாடு அதே கம்பெனியில் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் வீடு என்று வைத்துப் பார்த்தபோது, வேலை கெடவில்லை, ராஜிநாமாக்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன என்று 2024-ல் எழுதினார்கள்.

சென்னை மெரினாவில் 1959 முதல் நிற்கும் உழைப்பாளர் சிலையை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். ஒரு பாறையை நாலு பேர் சேர்ந்து நெம்புகிறார்கள். பாறை என்னவோ கனம்தான். ஆனால் பக்கத்தில் தோள் கொடுக்க மூன்று பேர் இருக்கிறார்கள். ஆச்சிக்குக் கூட மத்தியான வேளையில் நாலு பெண்கள் துணைக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். ஊர் வம்பு, சினிமாக் கதை, மாமியார் கொடுமை எல்லாம் அந்தச் சொளகைச் சுற்றி நடக்கும். என் மருமகள் அறையில் கண்ணாடித் திரைக்குள் தெரிகிற முகங்களைத் தவிர வேறு துணை கிடையாது.

ஆகவே, நம் பிள்ளைகள் தேடுவது உண்மையில் வீட்டை அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் தேடுவது முடிவு. இன்றைய வேலை இத்தோடு தீர்ந்தது, இனி இந்தப் பொழுது என்னுடையது என்று சொல்லும் உரிமை. அதை அலுவலகத்தில் காணாமல் வீட்டில் தேடுகிறார்கள். கேட்டு வாங்காவிட்டால் அது வீட்டிலும் கிடைக்காது.

இது வெறும் சுகவாசிகளின் பேச்சல்ல. வாரத்துக்கு 55 மணியும் அதற்கு மேலும் உழைத்ததால் வந்த பக்கவாதத்துக்கும் இருதய நோய்க்கும் 2016-ஆம் வருஷத்தில் மட்டும் உலகத்தில் 7,45,000 பேர் பலியானார்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனமும் சேர்ந்து மதிப்பிட்டிருக்கின்றன. இந்தக் காரணத்தால்தான் சில தேசங்களில் சட்டம் தலையிட்டிருக்கிறது. பிரான்ஸில் 2017 முதல், ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனிகள், வேலை நேரம் கடந்த பின் தொடர்பை அறுத்துக்கொள்ளும் உரிமை பற்றிச் சிப்பந்திகளோடு பேசியாக வேண்டும். போர்ச்சுகலில் வேளை கெட்ட வேளையில் சிப்பந்தியைக் கூப்பிடக் கூடாது என்று 2021-ல் சட்டம் செய்தார்கள். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் இதே உரிமை வந்தது. நம் மக்களவையிலும் சுப்ரியா சுலே இதற்காக 2018-ஆம் வருஷத்து மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். தனி உறுப்பினர் கொண்டுவந்த மசோதா எதுவும் 1970-க்குப் பிறகு நம் நாட்டில் சட்டமானதில்லை என்பதையும் உடனே சொல்லிவிடுகிறேன். ஆசைக்கும் ஓர் அளவு வேண்டுமல்லவா?

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரையில் நாமே கேட்க வேண்டியதுதான். ராஜிநாமாக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. புதிய இடத்தில் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். எங்கிருந்து வேலை என்றும் கேளுங்கள். கூச்சப்படாமல், எத்தனை மணிக்கு வேலை முடியும் என்று மூன்றாவதாக ஒரு கேள்வியும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவர்கள் சிரித்தால், பழைய நாற்காலியிலேயே இன்னும் கொஞ்ச நாள் இருங்கள். வேறு இடம் பாருங்கள்.

என் மருமகள் அந்த மூன்றாவது கேள்வியைக் கொஞ்சம் தாமதமாகக் கேட்டாள். வாரத்தில் இரண்டு நாள் இரவு பேசத் தயார், அந்த நாட்களில் மத்தியானம்தான் வேலைக்கு உட்காருவேன், மற்ற நாட்களில் மாலை ஏழு மணிக்கு மேல் போனை எடுக்க மாட்டேன் என்று எழுதினாள். பத்து நாள் மௌனமாக இருந்துவிட்டு, மூன்று மாதம் அப்படிச் செய்து பார்ப்போம் என்று கம்பெனியார் பதில் போட்டார்கள். இப்போது மூன்று மாதம் கடந்துவிட்டது. அவர்கள் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அவளும் ஞாபகப்படுத்தவில்லை. ஏழு மணிக்குத் தாயும் மகளும் சேர்ந்து கோவிலுக்குப் போய் வருவதாகத் தங்கை எழுதியிருக்கிறாள்.

ஆச்சிக்குத்தான் இப்படி எழுதிக் கேட்க முடியாது. அவளுக்குப் பொழுது முடிவதும் முடியாததும் கடிகாரத்தில் இல்லை, கூலியில் இருக்கிறது. ஆயிரத்துக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தால், அவளும் விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சொளகைத் தட்டிவிட்டு உள்ளே எடுத்து வைத்துவிடுவாள்.